பேசாமல் நிற்பவரைப் பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாடகம் பார்க்கிறவன் என்பதற்காகத்தான் என்னை இங்கே பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் வேஷம் கட்டியதில்லை. மதுரை, மேலூர், புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். பங்குனி, சித்திரை வந்தால் எனக்கு இராத்தூக்கம் கிடையாது. வள்ளி திருமணத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்தக் காலத்துக் கம்பெனி நாடகத்தில் ஒரே முதலாளி, ஒரே குழு, நாள்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷலில் அப்படி இல்லை. ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் இன்னொரு ஊர். பொழுது சாய வந்து இறங்கி, மேடைக்குப் பின்னால் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து முகத்துக்குப் பவுடர் பூச ஆரம்பிப்பார்கள். ஒத்திகையே கிடையாது. இந்த நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922இல். அவர் எழுதிய பாட்டும் கதைப்போக்கும் இவர்கள் எல்லோருக்கும் இன்னும் மனப்பாடம். அதை நம்பித்தான் முன்பின் பார்த்திராத இருவர் வேலனாகவும் வள்ளியாகவும் நிற்கிறார்கள்.

ஆனால் பாட்டுக்கு நடுவில் வரும் பேச்சு யாருக்கும் மனப்பாடம் இல்லை. அதுவும் நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கம் இருக்கிறதே, அது அன்றைக்குப் பிறந்து அன்றைக்கே முடிந்துவிடும். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், இராத்திரி 2 மணி இருக்கும். “தினையை நீ காக்கிறாய், உன்னை யாரம்மா காக்கிறார்கள்?” என்று நாரதர் கேட்டுவிட்டார். வள்ளி உடனே வாய் திறக்கவில்லை. கையிலிருந்த கவண் கயிற்றை விரலில் மெதுவாகச் சுற்றினார். ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். மிருதங்கத்துக்காரரின் கை தோலின் மேல் அப்படியே நின்றது. “கவண் பிடிக்கத் தெரிந்தவளுக்குக் காவல் எதற்கு சுவாமி?” என்று சொல்லி, அந்த மூச்சிலேயே பாட்டை எடுத்தார். எடுத்த இடத்திலேயே ஆர்மோனியம் சேர்ந்துகொண்டது. பெண்கள் பக்கமிருந்து எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து, பேசுகிறவரைவிடப் பேசாமல் நிற்பவரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எதிராளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற நடிகர்தான் எனக்குப் பெரிய நடிகர். குரல் நன்றாக இருந்தும், எதிரே நிற்பவர் பேசும்போது கூட்டத்திலிருந்து தன் சட்டையில் அன்பளிப்பாகப் பணம் குத்த யார் வருகிறார் என்று பார்க்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். நாடகம் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

இந்த மேடை சும்மா பொழுதுபோக்கின மேடையில்லை. வள்ளி புனத்தில் பறவை ஓட்டுகிற கட்டத்தை வைத்தே வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடி விரட்டியவர் தியாகி விஸ்வநாததாஸ். எத்தனையோ தடவை சிறைக்குப் போனார். 1940இல் சென்னையில், முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது.

அப்படிப்பட்ட மேடையில் நிற்கிற பெண்களை ஊர் எப்படி நடத்துகிறது? இராத்திரி முழுக்கக் கைதட்டியவர்களே காலையில் அவர்களைப் பற்றி வாய்கூசாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஆறாத கோபம் அது. அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது என்றுதான் அந்தப் பெண்கள் கீழே இறங்கியதும் எல்லோரையும் முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நான் சொன்ன அதே நாடகம். விடியும் நேரத்தில் கல்யாணம் முடிந்தது. மாலை மாற்றினார்கள், தூங்கிய பிள்ளைகளைத் தட்டி எழுப்பி எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் போனேன். வள்ளி தேங்காயெண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே முருகனிடம் கேட்டார்: “அண்ணே, உங்களுக்கு எந்தப் பக்கம் பஸ்ஸு?”