சிறு தொகைகளும் மூன்று கனடியர்களும்

வணக்கம். கனடாவின் புகழ்பெற்றவர்கள் என்றால் பிரதமர்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களும்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். இந்த வீடியோவில் ஒரு மருத்துவர், ஒரு மாணவர், ஒரு அழகுநிலைய உரிமையாளர் ஆகிய மூவரைப் பார்ப்போம். மூவரின் வரலாற்றிலும் மிகச் சிறிய தொகை ஒன்று இடம்பெறுகிறது.

(திரையில்: டொரண்டோ பல்கலைக்கழகம்)

மருத்துவர் பிரெடரிக் பான்டிங், 1921 கோடையில் சார்ல்ஸ் பெஸ்ட்டுடன் சேர்ந்து இன்சுலின் ஆய்வைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனவரியில், ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திக் கொடுத்த மருந்து, நீரிழிவால் மெலிந்து கிடந்த 14 வயதுச் சிறுவனின் உயிரைக் காத்தது. காப்புரிமையை மூவரும் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

(திரையில்: கனடா வரைபடம்)

எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த டெரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆய்வுக்காக ஒவ்வொரு கனடியரிடமிருந்தும் ஒரு டாலர் திரட்ட எண்ணி, 1980 ஏப்ரல் 12 அன்று செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகே ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது; அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூனில், 22 வயதில் அவர் காலமானார்.

(திரையில்: நோவா ஸ்கோஷியா)

வயோலா டெஸ்மண்டின் கதையில் வருவது ஒரே ஒரு சென்ட். கறுப்பினப் பெண்களுக்காக அழகுக்கலைப் பள்ளி நடத்திய அவர், 1946 நவம்பர் 8 அன்று கார் பழுதானதால் நியூ கிளாஸ்கோவில் தங்க நேர்ந்து, பொழுதைக் கழிக்கத் திரையரங்குக்குச் சென்றார். கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால் கீழ்த்தள இருக்கையில் அமர்ந்தார். அது நடைமுறையில் வெள்ளையர்களுக்கானது; கூடுதல் கட்டணம் தர முன்வந்தும் அவருக்குக் கீழ்த்தளச் சீட்டு மறுக்கப்பட்டது. எழ மறுத்தவரை இழுத்துச் சென்று இரவு முழுவதும் காவலில் வைத்தார்கள். இனப்பிரிவினையைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லாததால், இரு தளங்களின் கேளிக்கை வரியில் இருந்த ஒரு சென்ட் வித்தியாசத்தைக் காட்டி வரி ஏய்ப்புக் குற்றம் சாட்டினார்கள். வழக்கு ஆவணங்களில் இனம் என்ற சொல்லே தலைகாட்டவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அபராதமும் செலவுத்தொகையுமாக 26 டாலர் விதிக்கப்பட்டது, மேல்முறையீடும் தோற்றது.

டெஸ்மண்ட் 1965இல் மறைந்தார். 2010இல் நோவா ஸ்கோஷியா அரசு அவருக்கு முழு மன்னிப்பு அளித்தது. அவர் குற்றமே செய்யவில்லை என்பது அதன் பொருள். அந்த ஆணையில் கையெழுத்திட்ட மாகாணத் துணைநிலை ஆளுநர் மயான் ஃபிரான்சிஸும் ஒரு கறுப்பினப் பெண்மணியே. 2018 முதல் 10 டாலர் நோட்டில் டெஸ்மண்டின் உருவம் இடம்பெற்றுள்ளது.