பூஞ்சை மாத்திரையும் நரம்பு வலி மாத்திரையும்: சேர்த்துப் போட்டா என்ன ஆகும்?

[திரையில் ரெண்டு மாத்திரை. பின்னணி இசை வேண்டாம்.]

முகத்துல மின்னல் வெட்டுற மாதிரி ஒரு நரம்பு வலி. அதுக்கு மாசக்கணக்கா ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கீங்க, நல்லாத்தான் போகுது. நடுவுல படர்தாமரை வந்துடுச்சு, அதுக்கும் ஒரு மாத்திரை ஆரம்பிக்கிறீங்க. சில நாள்ல காலையில எந்திரிச்சுப் பார்த்தா சுவத்துல கடிகாரம் ரெண்டா தெரியுது. நடந்தா கால் தள்ளாடுது. வலி மாத்திரையோட அளவை யாரும் கூட்டல. ஆனா உடம்புக்குள்ள அது கூடிடுச்சு. எப்படி?

வணக்கம் மக்களே. இந்தத் தலைப்புக்கு "உயிருக்கே ஆபத்து"ன்னு சிவப்பு எழுத்துல தம்ப்நெயில் போட்டா வியூஸ் அள்ளும், எனக்கும் தெரியும். போடல. ஏன்னா நரம்பு வலி மாத்திரைங்கிறது ஒரே மாத்திரை இல்ல. இதுல அதிகமா எழுதப்படுற ரெண்டு, ப்ரெகாபலினும் கபாபென்டினும், இந்தச் சண்டைக்குள்ளயே வர்றதில்ல. லிவர் அதை உடைக்கிறதே கிடையாது. வந்த உருவத்துலயே கிட்னி வழியா சிறுநீர்ல போயிடும். ஃப்ளூகோனசோல்ங்கிற பூஞ்சை மாத்திரை லிவர்ல என்ன ரகளை பண்ணாலும் இதுங்களுக்குக் கவலையில்ல. (இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு, கடைசில சொல்றேன். ஓட்டிப் பார்க்காதீங்க.)

சரி, பூஞ்சையைக் கொல்லப் போன மருந்துக்கு லிவர்ல என்ன வேலை? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன், பொறுத்துக்கோங்க.

[திரையில்: பி450]

நம்ம லிவர்ல பி450ன்னு ஒரு என்சைம் குடும்பம் இருக்கு. ரகசிய உளவாளி பேர் மாதிரி இருக்குல்ல? காரணம் அதைவிட எளிமை. லிவர்ல இருந்து எடுத்த ஒரு நிறமிப் பொருள்மேல கார்பன் மோனாக்சைடு ஏத்தினா, அது 450 நானோமீட்டர் ஒளியைப் பிரமாதமா உறிஞ்சுது. 'பிக்மென்ட்'டுக்கு பி, கூடவே 450. ஜப்பான்காரங்க ரெண்டு பேர், ஓமுராவும் சாட்டோவும், 1960-கள் தொடக்கத்துல வச்ச பேரு. அது என்னன்னு முழுசா தெரியாம வச்ச தற்காலிகப் பேரு, இன்னைக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு!

இந்த என்சைமோட நடுவுல ஒரு இரும்பு அணு உக்காந்திருக்கு. நம்ம ரத்தத்தைச் சிவப்பாக்குற அதே ஹீம். பல மருந்துகளை உடைச்சு வெளியே தள்ற வேலை இந்த இரும்போட கையிலதான்.

இப்ப பூஞ்சை பக்கம் வாங்க. நம்ம செல் சவ்வுல கொலஸ்ட்ரால் இருக்கு. பூஞ்சையோட சவ்வுல அதுக்குப் பதிலா எர்கோஸ்டிரால். அதைச் செய்யற என்சைம் எந்தக் குடும்பம் தெரியுமா? அதே பி450! ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் மாதிரி பேர்ல 'அசோல்' வர்ற பூஞ்சை மருந்தெல்லாம் செய்யறது ஒரே வேலைதான்: தன்கிட்ட இருக்கிற ஒரு நைட்ரஜனை நீட்டி அந்த இரும்பைப் பிடிச்சுக்கும். பூட்டுக்குள்ள சாவி உடைஞ்சு நின்ன மாதிரி. எர்கோஸ்டிரால் உற்பத்தி நின்னுடும், பூஞ்சை காலி.

ஆனா அதே மாதிரி பூட்டு நம்ம லிவர்லயும் வரிசையா தொங்குதே! பூஞ்சை செடிக்கு இருக்கிறதைவிட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். நம்ப முடியலன்னாலும் உண்மை. எதிரிக்கு வச்ச அடி பங்காளி மேலயும் விழுது, அவ்வளவுதான் கதை.

இதுல உச்சம் கீட்டோகோனசோல். லிவர் பாதிப்புக்குப் பயந்து அதோட மாத்திரைக்கு 2013-ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் கடிவாளம் போட்டாங்க. அது கார்ட்டிசால் ஹார்மோன் உற்பத்தியையும் அடைக்கும், ஏன்னா அங்கயும் பி450 தான். அந்தத் தொந்தரவையே மருந்தாக்கி, கார்ட்டிசால் அதிகமா சுரக்குற குஷிங் நோய்க்கு ஐரோப்பாவுல 2014-ல அனுமதி கொடுத்தாங்க. வில்லனா வந்தவர் வேற படத்துல ஹீரோ.

[திரையில்: ரெண்டு கடிகாரம்]

இப்ப நம்ம கடிகாரக் கதை. முக நரம்பு வலிக்குக் கொடுக்கிறது கார்பமசெபைன். அதை உடைக்கிற முக்கியமான பூட்டு, பி450 குடும்பத்துல சிப் 3ஏ4-ங்கிற (CYP3A4) என்சைம். ஃப்ளூகோனசோலோ இட்ராகோனசோலோ அதை அடைச்சா, கார்பமசெபைன் வெளியே போக வழியில்லாம ரத்தத்துல தேங்கும். தலைசுத்தல், தூக்கக் கலக்கம், ரெட்டைப் பார்வை, தள்ளாட்டம் எல்லாம் அதோட அடையாளம். பூஞ்சை மாத்திரையை நிறுத்தின அன்னிக்கே இது சரியாகாது. ஃப்ளூகோனசோலோட அரை ஆயுள், அதாவது ரத்தத்துல அது பாதியா குறைய ஆகுற நேரம், சுமார் 30 மணி நேரம். நிறுத்தின பிறகும் நாலஞ்சு நாள் அடைப்பு இருக்கும்.

கார்பமசெபைனும் சும்மா அடி வாங்கிக்கிட்டு இருக்கிற ஆள் இல்ல. லிவரை முடுக்கிவிட்டு நிறைய என்சைம் செய்ய வைக்கும். அப்ப இட்ராகோனசோல், வோரிகோனசோல் எல்லாம் வேலை செய்யறதுக்கு முன்னாடியே உடைஞ்சு போயிடும். வோரிகோனசோலை இதுகூடச் சேர்க்கவே கூடாதுன்னு மருந்துக் குறிப்புலயே இருக்கு. "மாத்திரை போட்டும் பூஞ்சை போகலையே, மருந்து சரியில்ல"ன்னு திட்டுறவங்க கூட என்ன மாத்திரை ஓடுதுன்னும் ஒரு தடவை பாருங்க.

அடுத்து அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு வந்த மருந்து, சின்ன அளவுல நரம்பு வலிக்கும் கொடுக்கிறாங்க. ஃப்ளூகோனசோல் இதோட அளவை ஏத்தலாம். அதோட ரெண்டுமே இதயத் துடிப்போட மின் தாளத்தை, ஈசிஜில க்யூடின்னு சொல்வாங்களே, அதை நீட்டக்கூடியவை. படபடப்பு வந்தாலோ மயங்கி விழுந்தாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க.

"சரி, அசோல் வேண்டாம், டெர்பினஃபைன் போட்டுக்கிறேன்"னு ஒருத்தர் சொல்லலாம். புத்திசாலித்தனம்தான், ஆனா பாதிதான். நகப் பூஞ்சைக்கு வாரக்கணக்குல சாப்பிடுற இந்த மருந்து 3ஏ4-ஐப் பெருசா தொடாது. 2டி6-ங்கிற இன்னொரு பூட்டை நல்லா அடைச்சிடும். பிறவியிலயே 2டி6 வேலை செய்யாத மனுஷங்க இருக்காங்க. மாத்திரை முடியற வரைக்கும் உங்களையும் அந்தக் கூட்டத்துல சேர்த்துடும். முடிஞ்ச பிறகும் பல வாரம் தங்கும். அமிட்ரிப்டிலினும், நரம்பு வலிக்கே கொடுக்கிற டுலாக்ஸெடினும் உடையறதுக்கு இந்த 2டி6 வேணும்.

தோல்ல தடவுற க்ரீம் ரத்தத்துக்குள்ள ரொம்பக் கொஞ்சம்தான் போகும், பயப்பட வேண்டாம். வாய்க்குள்ள வர்ற பூஞ்சைப் புண்ணுக்குத் தடவுற மைக்கோனசோல் ஜெல் அப்படியில்ல, விழுங்கிடுவோம். அதை மருந்துன்னே நினைக்காம டாக்டர்கிட்ட சொல்ல மறந்துடுறாங்க.

அந்த ட்விஸ்ட்? ஆம்ஃபோடெரிசின் பி. ஆஸ்பத்திரியில ரத்தக் குழாய் வழியா ஏத்துற பூஞ்சை மருந்து. அது கிட்னியையே பாதிக்கக்கூடியது. லிவர் பக்கம் போகாம தப்பிச்ச ப்ரெகாபலினுக்கு இருந்த ஒரே கதவு கிட்னிதானே? அது மந்தமானா ப்ரெகாபலினும் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டி வரும்.

வீடியோ பார்த்த வேகத்துல எந்த மாத்திரையையும் நீங்களா நிறுத்திடாதீங்க. கார்பமசெபைனைத் திடீர்னு விட்டா, வலிப்புக்குச் சாப்பிடுறவங்களுக்கு வலிப்பே திரும்ப வரலாம். புது மாத்திரை எழுதும்போது பழைய மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல வைங்க, பேர் ஞாபகம் வச்சு ஒப்பிக்க வேண்டாம். கமென்ட்ல உங்க மருந்துச் சீட்டைப் போட்டு "எனக்கு ஓகேவா"ன்னு கேக்காதீங்க, நான் டாக்டர் இல்ல. பி450-ஐவிட வேடிக்கையா பேர் வச்ச ஒரு என்சைம் தெரிஞ்சா மட்டும் போடுங்க, முதல் கமென்ட்டைப் பின் பண்றேன்.