கல்லாவுக்குப் பக்கத்தில் நமக்கு இடம் உண்டா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்களே, அக்கா, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் காவேரிப்பட்டணத்து மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இப்போதுதான் வந்து நிற்கிறவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மனதில் இருக்கும் தொழில் யோசனையை நிலைத்து நிற்கும் தொழிலாக மாற்றுவது தொழில்முனைவுப் படிப்பா, பட்டறிவா? நான் படிப்பின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அவருடைய தாத்தா கதையைச் சொன்னார். தாத்தா கைநாட்டு, பதினோரு வயதில் ஒரு மாங்காய் மண்டியில் சேர்ந்தவர், முப்பது வயதில் சொந்த மண்டி வைத்தவர், மாங்காயை மூக்கருகே கொண்டுபோனாலே எந்தத் தோப்புக் காய் என்று சொல்வார் என்றார். பந்தலே கைதட்டியது, நானும் தட்டினேன், அவர் பெரிய மனுஷர்தான். ஆனால் அண்ணா, கதையின் நடுவே வேகமாக ஒரு வரியைத் தாண்டிப் போனீர்கள். அவரை மண்டியில் சேர்த்தது அவருடைய தாய்மாமன், மண்டியும் மாமனுடையது. பதினோரு வயதுப் பையனைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, இவனுக்கு எவ்வளவு முன்பணம் கொடுக்கலாம், அவனிடம் எப்போது வசூல் செய்ய வேண்டும், பெங்களூரா காய் ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகட்டும், செந்தூராவை சாப்பாட்டுப் பழமாகத் தனியாகப் பிரி என்று இருபது வருஷம் காதில் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு மாமன் இருந்தார்.

அதே மண்டியில் அதே இருபது வருஷம் மூட்டை தூக்கியவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்களுக்கும் இருபது வருஷ அனுபவம்தான், அதே மாங்காய், அதே சீசன், அதே வாசனை. அவர்களில் எத்தனை பேர் மண்டி வைத்தார்கள்? மூட்டை தூக்கியவருக்கு மூட்டையின் அனுபவம் கிடைத்தது, கல்லா பக்கத்தில் இருந்தவருக்குக் கல்லாவின் அனுபவம் கிடைத்தது. நம் ஊரில் கல்லா பக்கத்தில் யாரை உட்காரவைப்பார்கள்? சொந்தப் பிள்ளையை, தங்கச்சி மகனை, நம்ம ஆள் என்று நினைப்பவனை. வெளியாள் வந்து, தொழில் கத்துக்கணும், ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்று கேட்டால் விடுவார்களா?

நடுவர் ஐயா, என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. பட்டறிவு பட்டறிவு என்று எதிரணி சொல்வது பெரும்பாலும் வீட்டில் வாங்கிய படிப்பு, அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்காததால் படிப்பு இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வீட்டில் பிறக்காத பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு வாசல் கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டியில் சாமை விதைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு, பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுகிறவரின் மகனுக்கு எந்தத் தாய்மாமன் மண்டி வைத்திருக்கிறார்?

சரி, எங்கள் வீட்டுக்கு வருகிறேன். எங்க அம்மா நிப்பட்டு போடுவார். கிருஷ்ணகிரி பக்கம் நிப்பட்டு என்றால் விளக்கம் வேண்டாம், அரிசி மாவில் வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தட்டி எண்ணெயில் பொரிப்பது. கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வந்து ஆர்டர் கொடுக்கும் கை அவருடையது. பதினைந்து வருஷ அனுபவத்தோடு, கழுத்தில் இருந்ததை அடகு வைத்து, பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு லைன் போக ஆரம்பித்தோம். மாவு, எண்ணெய், கடலை எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 21 ரூபாய் ஆகிறது, கடைக்கு 32 ரூபாய்க்குப் போடுகிறோம், அப்போ பாக்கெட்டுக்கு 11 ரூபாய் லாபம் என்று அம்மா கணக்கு வைத்திருந்தார். ஒரு நாளைக்கு 100 பாக்கெட். 1100 ரூபாய் மிஞ்ச வேண்டும். எட்டு மாசம் ஓட்டினோம், நகை திரும்பவில்லை, மளிகைக் கடை பாக்கிதான் ஏறியது. அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? வீட்டில் யாரோ காசை எடுக்கிறார்கள் என்று நினைத்தார். அப்பாவிடம் பேசாமல் இருந்த நாட்கள் கூட உண்டு.

அதன் பிறகுதான் வங்கி நடத்தும் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சிக்கு நான் போனேன். கட்டணம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே கொடுத்தார்கள். இந்த மையங்களுக்கெல்லாம் முன்மாதிரி 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தொடங்கியது. தர்மஸ்தலா கோயிலின் கல்வி அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து வேலையில்லாத பிள்ளைகளுக்காக ஆரம்பித்தார்கள், பிறகு அதே முறையில் நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாக வந்தது. அங்கே மூன்றாம் நாள் அடக்க விலை போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் அம்மா கணக்கை எடுத்துப் போட்டேன். கேஸ் பாக்கெட்டுக்கு 3 ரூபாய், கூலி ஆளுக்கு 3.50, கவர் 1.25, வண்டி பெட்ரோல் 1.50. 21 என்று நினைத்தது 30.25 ஆகிவிட்டது. சரி, இன்னும் 1.75 மிச்சம் இருக்கிறதே என்று பார்த்தேன். ரிட்டன் எவ்வளவு என்று சார் கேட்டார். 100 போட்டால் 8 திரும்பி வரும். 100 பாக்கெட் செய்ய 3025 ரூபாய் செலவு, 92 பாக்கெட்டுக்கு வரவு 2944. தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து, கை சுட்டுக்கொண்டு, 81 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்திருக்கிறோம். அதில் அம்மாவின் கூலி சேரவே இல்லை. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நான் அழுதேன் நடுவர் ஐயா. யாரும் காசை எடுக்கவில்லை.

அந்த 8 பாக்கெட் ஏன் திரும்பியது? சிக்கு வாடை. கடைக்காரர்கள் சொன்னதை வைத்து மாவில் கோளாறு என்று நினைத்து அரிசியை மாற்றினோம், கடலையை மாற்றினோம். எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்தால் கெடும், ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இன்னும் சீக்கிரம் கெடும் என்பதை அந்த வகுப்பில்தான் கேட்டேன். எங்கள் பாக்கெட் கண்ணாடி மாதிரி தெரியும் மெல்லிய கவர், கடை வாசலில் வெயில் படுகிற இடத்தில் சரம் சரமாகத் தொங்கும். உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள கவருக்கு மாறினோம், அதில் 1 ரூபாய் கூடியது. எண்ணெயை மாற்றும் கணக்கை எழுதி அடுப்பருகே ஒட்டினோம். ரிட்டன் ஒன்றாகக் குறைந்தது. கடைக்கு விலையை 35 ஆக்கினோம், சில கடைகள் வேண்டாம் என்று விட்டுவிட்டன, அதற்குப் பதில் வேறு கடை பிடிக்க ரெண்டு மாசம் அலைந்தேன். இப்போது நாளுக்கு 340 ரூபாய் நிற்கிறது. பெரிய பணம் இல்லைதான். ஆனால் எங்க அம்மா தன் கூலியைத் தன் கையில் முதல்முறையாக வாங்கியது அப்போதுதான். பதினைந்து வருஷ அனுபவம் அவருக்கு நிப்பட்டைச் சொல்லிக் கொடுத்தது, நிப்பட்டு வியாபாரத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எதிரணி அக்கா, அனுபவத்தில் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றீர்கள். அடிபட யாருக்கு வசதி இருக்கிறது அக்கா? ரெண்டு லாரியும் பத்து ஏக்கரும் இருக்கிற வீட்டில் பையன் ஒரு தடவை தோற்றால், விடுப்பா, அடுத்ததைப் பார் என்பார்கள். மானாவாரி நிலம் ஒரு ஏக்கர் வைத்திருக்கிற வீட்டில் ஒரு தடவை தோற்றால் நிலம் போகும், தங்கச்சி கல்யாணம் நிற்கும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தொழில் என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார்கள். அவன் தாளில் தோற்றுப் பார்க்கட்டும். தாளில் தோற்றால் போவது ஒரு தாள்.

தாளில் தோற்பது என்றால் எப்படி என்று கேட்பீர்கள். தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் விலை சரிந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டும்போதெல்லாம் டீக்கடையில் ஒருவர் சொல்வார், ஒரு சாஸ் ஃபேக்டரி போட்டால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று. நல்ல யோசனை, மனசாரச் சொல்லும் யோசனைதான். கணக்குப் போடுவோம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். கெட்டியான பேஸ்ட்டாக விற்க வேண்டுமென்றால் அதில் சுமார் முப்பது பங்கு சத்து நிற்க வேண்டும். அப்போ ஒரு கிலோ பேஸ்ட்டுக்கு ஆறு கிலோ தக்காளி, அதிலிருந்து அஞ்சு லிட்டர் தண்ணீரை விரட்ட வேண்டும். அந்த அஞ்சு லிட்டரை விரட்டும் எரிபொருள் யார் செலவு? அப்புறம் கிலோ 3 ரூபாய்க்கு விற்கிற மாசம் ஃபேக்டரிக்குத் தக்காளி வரும், 40 ரூபாய் ஆனதும் எந்த விவசாயி ஃபேக்டரிக்குக் கொடுப்பார், நேராக மார்க்கெட்டுக்குத்தான் போவார், போகவும் வேண்டும். அந்த மாசங்களில் பாய்லர் ஆறிக் கிடக்கும், வங்கித் தவணை ஆறாது. அப்போ ஃபேக்டரியே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். தக்காளி இல்லாத மாசம் வேறு எதை அரைப்பது, விவசாயியோடு முன்கூட்டியே என்ன விலை பேசுவது, பேஸ்ட்டை யார் வாங்குவார் என்று பெயர் சொல்லும் அளவுக்கு விசாரித்தோமா என்று அடுத்த கேள்விகள் வரும். அந்தக் கேள்விகள் வரிசையாக வருவதற்குப் பெயர்தான் படிப்பு. இதை அனுபவத்தில் கற்க வேண்டுமென்றால் முதலில் ஃபேக்டரி கட்ட வேண்டும்.

ஜி.டி. நாயுடுவைச் சொன்னீர்கள். பள்ளியை விட்டவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர், படிப்பு இல்லாமல் சாதித்தாரே என்று. அதே ஜி.டி. நாயுடு 1945-ல் கோவையில் என்ன செய்தார்? பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு, பிள்ளைகளின் காலம் வீணாகிறது என்று அவர் அரசாங்கத்தோடு முரண்பட்டார், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் சண்டை போட்டது படிப்பின் நீளத்தோடு. படிப்பே வேண்டாம் என்று நினைத்திருந்தால் கல்லூரி கட்டியிருக்க மாட்டார்.

தொழில்முனைவை வகுப்பில் சொல்லித்தர முடியாது, அது ரத்தத்தில் வர வேண்டும் என்றும் ஒரு வாதம் வந்தது. 1964-ல் ஆந்திராவில் காக்கிநாடா வியாபாரிகளை ஹைதராபாத்துக்கு அழைத்துப்போய் டேவிட் மெக்கிலெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு பத்து நாள் பயிற்சி கொடுத்தது, இலக்கு வைப்பதும் அளவாகத் துணிவதும்தான் பாடம். திரும்பிப் போனவர்கள் பயிற்சி பெறாதவர்களை விட அதிகமாகப் புதுத் தொழில் தொடங்கினார்கள். அண்மைக் கணக்கு வேண்டுமென்றால், ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டில் 1500 சிறு தொழில் செய்பவர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. கணக்கு, மார்க்கெட்டிங் என்று வழக்கமான பாடம் படித்த குழுவுக்கு லாபம் 11 சதவீதம்தான் கூடியது, அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தானாக முன்வந்து முயல்வது, தடையை முன்கூட்டியே யோசிப்பது, புதுசாக ஒன்றைச் செய்து பார்ப்பது என்ற பயிற்சி பெற்ற குழுவுக்கு 30 சதவீதம் கூடியது. எதிரணி இதை எடுத்து, பார், கணக்குப் பாடம் உதவவில்லை என்று சொல்லலாம். சொல்லுங்கள். பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை இருக்கட்டும், எனக்கும் கோபம் உண்டு, கல்லூரிகளில் தொழில்முனைவு என்று ஒரு தாள் வைத்து, ஐந்து மார்க் கேள்விக்கு வரையறை எழுதவைத்து, ஒரு கடைக்காரரிடம் கூடப் பேசாமல் பிள்ளையை வெளியே அனுப்புகிறோம். அது மாற வேண்டும். ஆனால் அந்த 30 சதவீதமும் வகுப்பில் உட்கார்ந்து கற்றதில் வந்ததுதானே?

நம் அரசு 2012-ல் கொண்டுவந்த நீட்ஸ் திட்டத்தைப் பாருங்கள், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கென்றே வைத்தது. 25 சதவீதம் மானியம் உண்டு, கூடவே பயிற்சியும் வைத்திருக்கிறார்கள். முதல் தலைமுறை என்ற வார்த்தையை அங்கே படித்தபோது எங்க அம்மா ஞாபகம்தான் வந்தது.

நடுவர் ஐயா, தீர்ப்பு உங்களுடையது. அண்ணன் தாத்தாவின் மண்டிக்கு என் மரியாதை உண்டு. அந்த மண்டிக்கு வெளியே நின்றவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்னொன்று, அம்மாவின் அந்தப் பழைய நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்ததும் மைக் செட் போட்டிருக்கிற பக்கம் இருப்பேன், மனதில் ஒரு தொழில் வைத்திருக்கிற யாராக இருந்தாலும் வாருங்கள், பேனா என்னிடம் இருக்கிறது, உங்கள் அடக்க விலையை உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். வணக்கம்.