இரண்டு முனையிலிருந்து வந்த தண்டவாளம் நடுவில் எப்படிச் சேர்ந்தது?

ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. "அமெரிக்காவில் கிழக்கிலிருந்து ஒரு கம்பெனி, மேற்கிலிருந்து ஒரு கம்பெனி தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தார்கள் என்றீர்கள். நடுவில் இரண்டடி விலகியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?"

மூன்று நாளாக இதே நினைப்புத்தான் எனக்கு. இரண்டடியா? ஏறத்தாழ இருநூறு மைலுக்கு ஒருவரை ஒருவர் தாண்டிப் போனார்களே அம்மா!

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் புறப்படும் இடம் இருந்தது. சந்திக்கும் இடம் இல்லை. மேற்கே கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனி, கிழக்கே ஒமாஹா பக்கத்திலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி. அரசாங்கக் கடனோ மைல் கணக்கில். சமதரையில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000. பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும்: எதை அளந்து காசு கொடுக்கிறோமோ அதுதான் நீளும். எங்கள் வீட்டில் போர் போட்டபோது அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. தண்ணீர் வந்த பிறகும், "இன்னும் நூறு அடி போட்டால் கோடைக்குக் கவலையில்லை சார்" என்றார் வண்டிக்காரர். போட்டோம். பணம்தான் இறங்கியது.

அதே கதைதான் அங்கேயும். தண்டவாளத்துக்கு முன்னால் போய் மண் வெட்டித் தரை சமன் செய்கிற ஆட்கள் யூட்டாவில் எதிரெதிரே வந்தார்கள். நிற்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில் 1869 ஏப்ரலில்தான் புரோமொன்டரி உச்சி என்று ஓர் இடம் முடிவானது; மே 10-இல் இணைத்தார்கள். இடம் முடிவான பிறகு சேர்ப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை.

சூட்சுமம் சென்ட்ரல் பசிபிக் வழியில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குள் இருக்கிறது. உச்சிச் சுரங்கம், 1,659 அடி, முழுக்கக் கருங்கல். இரண்டு முனையில் மட்டும் குடைந்தால் காலம் போதாது என்று நடுவில் செங்குத்தாக ஒரு குழி இறக்கி, அதன் அடியிலிருந்தும் இரு பக்கம் குடைந்தார்கள். ஆக நான்கு முகம். குழிக்குள் திசையை எப்படி இறக்குவது? வழக்கமான முறை, மேலிருந்து இரண்டு தூக்குக் குண்டு தொங்கவிடுவது. இரண்டு கயிற்றையும் சேர்த்துப் பார்த்தால் கோடு கிடைக்கும். நம் கொத்தனார் வைத்திருக்கிற அதே குண்டுதான். 1867-இல் துளைகள் சேர்ந்தபோது விலகல் இரண்டு அங்குல அளவுதான் என்கிறார்கள்.

சரி, குடைந்தது யார்? அதை யாரும் கேட்பதில்லை. சீனாவிலிருந்து வந்தவர்கள். சென்ட்ரல் பசிபிக் ஆட்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அவர்கள்தான். கையால் உளி அடித்து, வெடி வைத்து, ஒரு முகத்தில் நாளெல்லாம் வேலை செய்தால் ஓரடி நகரும். நைட்ரோகிளிசரின் என்ற வலுவான வெடிமருந்து வந்த பிறகு கொஞ்சம் வேகம். 1867 ஜூனில் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி சாப்பாட்டை நிறுத்தியது.

1869 ஏப்ரல் 28-இல் ஒரே நாளில் பத்து மைல் தண்டவாளம் போட்டார்கள். அன்றைக்கு இரும்பைத் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயரும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சீனர்களின் சம்பளக் கணக்கில் பெரும்பாலும் மேஸ்திரியின் பெயர் ஒன்று, பக்கத்தில் மொத்தத் தொகை.