மணிக்கு 30 மில்லி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். 27 வருடம் ஐசியூவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். பெருந்தமனி ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கட்டிலோரம் தொங்குகிற சிறுநீர்ப் பையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சு, வயிறு வழியாக இறங்கி, தொப்புள் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிற பெரிய ரத்தக்குழாய். வயிற்றுப் பகுதியில் அது சுமார் 2 சென்டிமீட்டர் அகலம். வயதானவர்களுக்கு, அதிலும் பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு, அதன் சுவர் தளர்ந்து பழைய சைக்கிள் ட்யூப் புடைப்பதுபோல ஓரிடத்தில் உப்பிவிடும். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபரேஷன் பேச்சு வரும். இப்போது பலருக்குத் தொடை வழியாகவே ஸ்டென்ட் வைத்துவிடுகிறார்கள். அது ஒத்துவராதவர்களுக்கு வயிற்றைத் திறந்து, உப்பிய இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைக்க வேண்டும்.

ஆமாம், துணிக்குழாய்தான். இந்தக் கதையை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்று ஒரு சர்ஜன். 1950களின் தொடக்கத்தில் நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோச்சு, டாக்ரான் என்று புதுசாக ஒன்று வந்திருக்கிறது என்றார்கள். ஒரு கஜம் வாங்கிவந்து, மனைவியின் தையல் மெஷினில் அவரே உட்கார்ந்து குழாயாகத் தைத்தார். சின்ன வயதில் அம்மா கற்றுக்கொடுத்த தையல் அது. டாக்ரான் என்றால் வேறொன்றுமில்லை, நாம் உடுத்துகிற பாலியஸ்டர் இழைதான். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேர் வயிற்றுக்குள் அந்தத் துணி ரத்தம் சுமக்கிறது. டிபேக்கிக்கே 97 வயதில் பெருந்தமனி கிழிந்து, 2006இல் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து இன்னும் இரண்டு வருடம் இருந்தார்.

குழாய்க்குத் துணி கிடைத்துவிட்டது. இந்த ஆபரேஷனில் அடிபடக்கூடிய கிட்னியைக் காக்க மருந்துதான் இன்னும் கிடைக்கவில்லை.

வீட்டில் பைப் மாற்ற வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வோம்? மெயின் வால்வை மூடுவோம். இங்கேயும் அப்படித்தான், கிளாம்ப் போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் தைக்க முடியும். இரண்டு கிட்னியும் சேர்ந்து 300 கிராம் இருக்கும். ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அவற்றுக்குத்தான் போகிறது. கிட்னிக்குப் போகும் கிளைகளுக்கு மேலே கிளாம்ப் விழுந்தால் அந்த ரத்தம் அப்படியே நின்றுவிடும். அரை மணி நேரத்துக்குள் திறந்துவிடப் பார்ப்பார்கள். நேரமாகும் என்று தெரிந்தால் குளிர்ந்த திரவத்தைக் கிட்னிக்குள் செலுத்துவதும் உண்டு. சரி, கிளைகளுக்குக் கீழே கிளாம்ப் போட்டால் பயமில்லையா? அப்போதும் உண்டு. ரத்தம் நிறையப் போய், பிரஷர் இறங்கினாலும் கிட்னி வாடும். குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் உதிர்ந்து போய் அடைத்தாலும் வாடும். உப்பிய இடம் வெடித்தபிறகு அவசரமாகச் செய்கிற ஆபரேஷனில் ஆபத்து இன்னும் அதிகம்.

கிட்னி வலிக்காது நேயர்களே. தையல் வலிக்கும், முதுகு வலிக்கும், கிட்னி மட்டும் சத்தமே போடாது. அது நம்மிடம் பேசுவது சொட்டுச் சொட்டாக அந்தப் பையில்தான். பைக்கு முன்னால் கோடு போட்ட சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். மணிக்கொரு முறை குனிந்து அளவு பார்த்து எழுதிவிட்டு, பைக்குள் கவிழ்க்க வேண்டும். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி வர வேண்டும்.

ஒரு ராத்திரி, லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பன்னிரண்டு மணிக்கு 35. ஒரு மணிக்கு 20. இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் 12, டீ டிகாக்ஷன் நிறத்தில். முதலில் ட்யூப் மடங்கியிருக்கிறதா, அதன்மேலேயே படுத்திருக்கிறாரா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. டாக்டரை எழுப்பினோம். பிரஷரைச் சரிசெய்து, ரத்தம் ஏற்றி, விடிகிறபோது 40 வந்தது. அந்த 40ஐ எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிட்னிக்கு நல்லது என்று டோபமைன் என்ற மருந்தைக் குறைந்த அளவில் டிரிப்பாகப் போடுவோம். 'ரீனல் டோஸ்', அதாவது கிட்னிக்கான அளவு என்று அதற்குப் பெயர். 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் 300க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்து, பலனில்லை என்று வெளியிட்டார்கள். அப்புறம் அது போய்விட்டது. மணிக்கு மணி அளவு பார்ப்பது மட்டும் போகவில்லை.

ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சதையிலிருந்து வருகிற, கிட்னி வெளியேற்றுகிற கழிவின் அளவைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். அது பின்னால் வருகிற செய்தி. கிட்னி அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நன்றாக ஏறும். பை அந்த மணியிலேயே சொல்லிவிடும். இன்னொன்று, வற்றிப்போன உடம்புக்காரருக்கு கிரியாட்டினின் 1.1 என்று, இயல்பான எண்ணாகவே வந்தாலும் கிட்னி நன்றாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. சதை குறைவு என்பதால் எண்ணும் குறைவாகத்தான் காட்டும்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். மருந்துகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற, கிட்னிக்கு ஆகாத டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு நீங்களாக அவற்றைத் தொட வேண்டாம். பிரஷர் மாத்திரையில் எதை நிறுத்துவது, எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கிரியாட்டினின் ஏறி இறங்கியிருந்தால், மூன்று மாதம் கழித்து ரத்தமும் சிறுநீரும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், பழைய எண் அதில்தான் இருக்கும்.

நன்றி, வணக்கம்.