வழக்கு கால்பந்துக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1979இல் வெளிவந்த மெக்சிகோ நகைச்சுவைப் படம் 'எல் சான்ஃப்லே'. அதைத் தூக்கி நிறுத்துவது குடும்பமா, கால்பந்தா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், குழந்தைக்காக ஏங்கும் கணவன் மனைவியைக் காட்டி அவையைக் கலங்க வைத்துவிட்டுப் போனார். மனைவியாக வரும் ஃப்ளோரிந்தா மேசாவின் நடிப்பை நானும் ரசிப்பவன்தான். ஆனால் அந்த ஏக்கத்தை எந்த நாட்டிலும் எந்த ஆண்டிலும் படமாக்கலாம், நடுவர் அவர்களே. இந்தப் படத்தை அந்த ஆண்டு மெக்சிகோவில்தான் எடுக்க முடியும்.

முந்தைய ஆண்டு என்ன நடந்தது? அர்ஜென்டினாவில் உலகக்கோப்பை. பெரும் நம்பிக்கையோடு போன மெக்சிகோ, துனிசியாவிடம் 3–1, மேற்கு ஜெர்மனியிடம் 6–0, போலந்திடம் 3–1 என மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 16 அணிகளில் கடைசி இடம்! துனிசியாவிடம் தோற்றதைத்தான் அவர்களால் தாங்கவே முடியவில்லை என்பேன்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் வருகிறது இந்தப் படம். நாயகன் யார்? கோல் போடும் வீரன் அல்ல. வீரர்களின் சட்டையையும் காலணியையும் பந்தையும் சுமக்கும் எடுபிடி. நட்சத்திர வீரன் வாலந்தீனோவாக கார்லோஸ் வில்லாக்ரான் அலட்டிக்கொண்டு திரிய, கதையை எழுதிய நகைச்சுவைக் கலைஞர் செஸ்பிரித்தோ, இயற்பெயர் ராபர்த்தோ கோமெஸ் பொலான்யோஸ், எடுபிடி வேடத்தைத் தானே எடுத்துக்கொண்டார். வீரர்கள் மீது வெறுப்பில் இருந்த நாட்டுக்கு இதைவிட நல்ல மருந்து உண்டா?

அவன் வேலை பார்ப்பது எங்கே? கிளப் அமெரிக்கா என்ற மெக்சிகோ கால்பந்துக் கழகத்தில். தொலைக்காட்சி நிறுவனமான தெலெவிசாவின் சொந்தக் கழகமாக அப்போது இருந்தது அது. பாதி நாடு கொண்டாடும், மீதி நாடு 'மில்லோனெத்தாஸ்', பணத்திமிர் பிடித்தவர்கள் என்று திட்டும். படத்தைத் தயாரித்ததும் அதே நிறுவனத்தின் திரைப்படப் பிரிவுதான். "அப்படியானால் இது விளம்பரம்" என்று எதிரணி முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கட்டுமே! தன் கழகத்தை விளம்பரப்படுத்த நினைத்தவர்கள், அதற்குள் ஓர் ஏழையை நாயகனாக உட்காரவைத்தார்களே, அதைப் பாருங்கள்.

அவனோ உண்மையைத் தவிர வேறு பேசத் தெரியாதவன். குடும்பத்துக்குள் உண்மை பேசினால் அதிகம் போனால் ஒரு சண்டை வரும். பெனால்டிக்காகக் காற்றுப் பட்டாலே வீரர்கள் சுருண்டு விழும் ஆடுகளத்தின் ஓரத்தில் உண்மை பேசுகிறவன் நிலை என்ன? நேர்மை நகைச்சுவையாவது அங்கேதான். அடுப்படியில் அது வெறும் நல்ல குணம்.

இன்னொன்று. செஸ்பிரித்தோவின் தொலைக்காட்சித் தொடரில் ரமோன் வால்டெஸ் நடித்த தோன் ரமோன், எந்த அணியின் ரசிகர் என்ற பேச்சு வந்தால் "நான் நெகாக்சா பக்கம்" என்பார். நெகாக்சா வேறொரு மெக்சிகோ கழகம். நாடே மனப்பாடமாகச் சொன்ன வசனம் இது. அதே வால்டெஸ் இந்தப் படத்தில் கிளப் அமெரிக்காவுக்குள் நடமாடுகிறார்! அவர் வாய் திறக்கும் முன்பே ரசிகனுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்பைக் குடும்பக் கணக்கில் எப்படி எழுதுவார்கள் என்று அடுத்து வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள், அமர்கிறேன்.