ஒருத்தி வராவிட்டாலும் தெரிகிற கல்லூரி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மன்னார்குடிப் பெரியவர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

மாணவ வாழ்க்கைக்கு நிறைவு தருவது ஊர்ப்பக்கச் சிறு கல்லூரியா, மாநகரப் பெரிய கல்லூரியா என்பது தலைப்பு. சிறு கல்லூரியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று விஷயம் சொன்னார். பெரிய கல்லூரியில் வாய்ப்பு அதிகம் என்றார். அங்கே யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், அதுதான் சுதந்திரம், சிற்றூரில் எல்லோரும் கவனிப்பதால் பெண்களுக்கு மூச்சு முட்டுகிறது என்றார். கடைசியாக, கும்பகோணம் கல்லூரி ராமானுஜனையே தக்கவைத்துக்கொள்ளவில்லையே என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தவறியதால் அந்தத் தொகை போனது. உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் நண்பர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். 1906இல் ராமானுஜன் சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய தேர்வில் தேறவில்லை. ஊர் மாறியது, கல்லூரி மாறியது, முடிவு மட்டும் மாறவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம் என்ற அன்றைய தேர்வு முறை செய்த தவறு அது. அதைச் சிறு கல்லூரியின் தலையில் கட்டுவது நியாயமா?

அதே கும்பகோணம் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். அங்கே இருந்த தியாகராச செட்டியார்தான் ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு இவரைக் கொண்டுவந்து சேர்த்தார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள். அந்த ஆண்டே, ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று சாமிநாதையரைக் கேட்டார். அப்புறம் இருவரும் அந்த நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1894இல் புறநானூறு வந்தது. 1903இல்தான் அவர் சென்னைக்கு மாறிப் போனார். கோர்ட்டில் தீர்ப்பு எழுதுகிறவரும் கல்லூரியில் பாடம் சொல்கிறவரும் ஒரே நூலின் முன்னால் உட்கார முடிந்தது, ஊரும் கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, வாய்ப்புக்கு வருவோம். வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் கம்பெனிகளின் எண்ணிக்கையில் மாநகரம் முன்னால் இருக்கிறது. நூலகமும் அங்கே பெரிது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு மாணவ வாழ்க்கையைப் பற்றியது. ஐயாயிரம் பேர் படிக்கும் இடத்தில் கல்ச்சுரல்ஸ் நடந்தால் மேடையில் எத்தனை பேர், கீழே எத்தனை பேர்? எங்கள் வரலாற்றுத் துறையில் ஒரு வகுப்புக்கு நாற்பது பேர்தான். ஆண்டு விழா வந்தால் நாடகத்துக்கு ஆள் வேண்டும், கபடிக்கு ஏழு பேர் வேண்டும், வரவேற்புரைக்கு ஒருவர் வேண்டும். எனக்குப் பேச வராது என்று யாரும் ஒதுங்க முடியாது, ஏனென்றால் வேறு ஆள் இல்லை. முதல் ஆண்டில் பெயர் கேட்டாலே தலை குனிந்த பெண்கள் மூன்றாம் ஆண்டில் மைக் பிடித்து விழாவை நடத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1821இல் தொடங்கியது. இருநூறு ஆண்டு ஆகியும் மாணவர் எண்ணிக்கை ஏறக்குறைய 2,000தான். பணம் இல்லாததால் அது சிறிதாக இருக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பித்தான் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஏழு நாள், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கல். பகலில் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளுவோம். ராத்திரி ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச்சு. சாம்பாருக்குக் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பவர் பொருளாதாரப் பேராசிரியர். வகுப்பில் கேட்கத் தயங்கிய சந்தேகத்தை அங்கே கேட்டவர்கள் உண்டு. பிஎஸ்சி, பிகாம், தமிழ் இலக்கியம் என்ற பிரிவெல்லாம் அந்த ஏழு நாளில் காணாமல் போய்விடும்.

நடுவர் அவர்களே, 2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த நாள். அப்போது நான் இரண்டாம் ஆண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. எங்கள் துறைத்தலைவர் விழுந்து கிடந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு பைக்கிலேயே ஊர் ஊராகப் போனார். யார் வீடு கூரை வீடு, யார் வீட்டில் ஆண் துணை இல்லை, யார் அப்பா குத்தகை நிலம் வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பட்டியலையும் பார்த்து அவர் கிளம்பவில்லை. கல்லூரி திறந்ததும், நோட்டு நனைந்துபோனவர்களுக்கு சீனியர்கள் தங்கள் நோட்டைக் கொடுத்தார்கள். தோப்பு போனதால் படிப்பை நிறுத்த இருந்த ஒரு பெண்ணின் வீட்டுத் திண்ணையில் எங்கள் ஆசிரியை வெகுநேரம் உட்கார்ந்து அவள் அப்பாவிடம் பேசினார். அவள் டிகிரியை முடித்தாள். யாரும் யாரையும் கவனிக்காத கல்லூரியில் அவள் வராமல் போனது எப்போது தெரிந்திருக்கும்? அட்டெண்டன்ஸ் குறைந்து, தேர்வு எழுத முடியாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போதுதான்.

எல்லோரும் கவனிப்பதால் பெண்களுக்கு மூச்சு முட்டுகிறது என்று நண்பர் சொன்னதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பேசினால் மாலைக்குள் வீட்டுக்குச் செய்தி போகிற ஊர்தான் இது. அது தவறு. அதை நாங்கள் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அதைச் செய்வது ஊரின் வாய். கல்லூரிக்குள் எங்களுக்குக் கிடைத்த கவனிப்பு வேறு. சாப்பிடாமல் வந்தவளைக் கண்டுபிடித்து டப்பாவைத் திறந்து வைக்கிற கவனிப்பு அது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால் எம்ஏ சேரட்டும் என்று நமக்காக வாதாடுகிற கவனிப்பும் அதுதான். ஊரின் வாயை எதிர்த்து நிற்கும் துணிச்சல் எனக்கு அங்கேதான் வந்தது.

இன்னொன்று. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022இலிருந்து, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்தப் பஸ் மாநகரம்வரை போகாது. அந்த ஆயிரம் ரூபாயில் சென்னை ஹாஸ்டலுக்குக் கட்டவும் முடியாது. நடவுக்குப் போகிற அம்மா, வீட்டிலேயே முதல் ஆளாகப் படிக்க வந்த மகள், காலை ஏழு மணி டவுன் பஸ், பொழுது சாய்வதற்குள் வீடு. இந்தப் பெண்ணுக்கு மாணவ வாழ்க்கை எங்கே கிடைக்கும் என்று அடுத்து பேச வரும் எதிரணி நண்பர் முதலில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்பு சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.